கரடி மேல் விழுந்த சோலையப்பன்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. காடு என்றதும் சிங்கராஜா எங்கே என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. அந்தக் காட்டில் சிங்கமும் இல்லை, ராஜாவும் இல்லை. ராஜா இல்லாமலே மரங்கள் வளர்ந்தன, குளத்தில் தண்ணீர் கிடந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கரடிக்குக் கண்பார்வை மட்டம். அதைவிட மோசம், அதற்குப் பயம் அதிகம். பின்னால் சருகு சரசரத்தால் துள்ளும். ஒரு விளாங்காய் விழுந்தால் ஓடும். ஆனால் உடம்பு பெரிது, நகம் நீளம், குரல் கட்டை. அதனால் அது பயந்து ஓடும்போதெல்லாம் யாரையோ துரத்திக்கொண்டு போகிறது என்றுதான் மற்ற விலங்குகள் நினைத்தன.

அதே காட்டில் ஒரு கருங்குரங்கு இருந்தது. கேட்ட சேதியை அதனால் வயிற்றில் வைத்திருக்க முடியாது. ஒரு காட்டுப்பன்றியும் இருந்தது. அதற்கு நேராகப் போகத் தெரியும், திரும்பத் தெரியாது. உச்சிவேளை வந்தால் புதரிலிருந்து கிளம்பும். ஒற்றையடிப் பாதையில் ஒரே ஓட்டமாக ஓடிக் குளத்தில் போய் விழும். நடுவில் யார் நிற்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

காட்டை ஒட்டிச் சருகுப்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே சோலையப்பன் என்றொருவன் இருந்தான். நல்லவன்தான். மீசை கொஞ்சம் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அவன் மனைவி அங்கம்மாள் அதிகம் பேசமாட்டாள். தினமும் காட்டுக்குப் போய் ஒரு கட்டு விறகைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டில் பேசுகிற வேலையை முழுவதும் சோலையப்பனே பார்த்துக்கொண்டதால் அவளுக்கு அது மிச்சம்.

ஒரு நாள் அங்கம்மாள் ஊறுகாய் போட நெல்லிக்காய் கேட்டாள். சோலையப்பன் காட்டுக்குப் போய் ஒரு நெல்லி மரத்தில் ஏறினான். மரத்தடியில் கரையான் புற்று ஒன்று இருந்தது. கரடி அந்தப் புற்றுக்குள் மூக்கை முழுவதும் நுழைத்து, கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவன் கீழே பார்க்கவில்லை. கீழே இருந்தது மேலே பார்க்கவில்லை.

நெல்லிக் கிளை எவ்வளவு பலம் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். படீரென்று முறிந்தது. சோலையப்பன் நேராக வந்து கரடியின் முதுகில் உட்கார்ந்தான்.

கரடி அலறியது. சோலையப்பனும் அலறினான். விழுந்த வேகத்தில் அவன் கை கரடியின் முடியைப் பிடித்தது. திமிறிய வேகத்தில் கரடியின் நகம் அவன் துண்டைக் கிழித்தது. அப்புறம் கரடி கிழக்கே ஓடியது, சோலையப்பன் மேற்கே ஓடினான். யார் முதலில் ஓடினார்கள் என்று சொல்ல அங்கே ஒரு சாட்சி இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லப்போவதில்லை.

சோலையப்பன் ஓடி வந்து நின்ற இடம் ஊர் டீக்கடை. கையை விரித்தான். உள்ளங்கை நிறையக் கறுப்பு முடி.

என்ன முடி என்று கேட்டார்கள். கரடி முடி என்றான். கரடி எங்கே என்று கேட்டார்கள். ஓடிப்போய்விட்டது என்றான். இதுவரை அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரோ ஒருவர் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் டீ முடிவதற்குள் கரடி அவன்மேல் பாய்ந்திருந்தது. இரண்டாவது டீயில் அவன் அதன் மூக்கைப் பிடித்து நசுக்கியிருந்தான். மூன்றாவது டீயில் அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி வீசியிருந்தான். எப்படி வீசினான் என்று காட்டுவதற்குக் கடையில் இருந்த சர்க்கரை மூட்டையைத் தூக்கப் பார்த்தான். அது அசையவில்லை. கரடிக்குப் பிடிப்பதற்கு முடி உண்டு, மூட்டைக்கு இல்லை என்று விளக்கம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"கம்பு, அருவா ஒண்ணும் இல்லாமயா அண்ணே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வெறுங்கைதான் தம்பி. சூட்சுமம் தெரிஞ்சா போதும். கரடின்னா மூக்கு. சிறுத்தைன்னா வாலு. காட்டுப்பன்னின்னா ரெண்டு காதையும் பிடிச்சு ஒரு திருகு, அம்புட்டுதான்."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகள் தூக்கத்தில் பயந்து அழாமல் இருக்க, கரடி முடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு முடி கேட்டு வாங்கினார்கள். காட்டிலேயே அதிகம் பயப்படுகிற பிராணியின் முடி அது என்று பாவம், அவர்களுக்கு யார் சொல்வது? அன்றைக்கே சருகுப்பட்டிக் குழந்தைகள் எல்லோர் இடுப்பிலும் ஒரு தாயத்து தொங்கியது.

கோயில் பூசாரி சன்னாசி வந்து சோலையப்பன் தலையில் பரிவட்டம் கட்டினார். இனி ஊர்க்காரியம் எதுவானாலும் அவன்தான் முன்னால் நடக்க வேண்டும் என்றார். சோலையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. பரிவட்டத்தை அவிழ்க்காமலே சாப்பிட உட்கார்ந்து, கரடி மூக்கிலிருந்து பன்றிக் காது வரை வீட்டிலும் ஒரு முறை சொன்னான்.

சோறு போட்ட அங்கம்மாள் அவன் முதுகைப் பார்த்தாள். சட்டையில் நசுங்கிய நெல்லிக்காய் ஒட்டியிருந்தது.

"பன்னிக் காதத் திருகணும்னா அது நிக்கணுமேங்க. அது எங்க நிக்குது? வழிய விட்டா அதுபாட்டுக்குப் போயிரும்."

விறகு பொறுக்குகிறவளுக்கு வீரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சோலையப்பன் சிரித்தான். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சரி, கரடி என்ன ஆனது? அது ஓடிப்போய் நின்ற இடம் குளத்தங்கரை. மான்கள் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கரடியின் நகத்தில் ஒரு துண்டுத் துணி தொங்கியது. என்ன துணி என்று கருங்குரங்கு கேட்டது. மனிதன் துணி என்றது கரடி. மனிதன் எங்கே என்றது குரங்கு. ஓடிவிட்டான் என்றது கரடி. அங்கே டீக்கடை இல்லை, ஆனால் கேட்க ஆள் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்த மனிதன் பனை உயரம் வளர்ந்துவிட்டான். கரடி அவனைக் கடிக்கவில்லையாம், நகத்தால் கீறவும் இல்லையாம். தோளால் ஒரு இடி இடித்ததாம், அவன் ஊர் எல்லையில் போய் விழுந்தானாம்.

மான்கள் மெய்சிலிர்த்துப் போயின. இனிமேல் குளத்தில் முதல் தண்ணீர் கரடிக்குத்தான் என்று முடிவு செய்தன. துணியை ஒரு கிளையில் மாட்டிவைத்துக் குட்டிமான்களை அழைத்துவந்து மோந்து பார்க்கச் சொன்னன. தைரியம் வருமாம்.

இப்படியே விட்டிருந்தால் இரண்டு வீரர்களும் சுகமாக இருந்திருப்பார்கள். மாசித் திருவிழா வந்துவிட்டது.

திருவிழாவுக்குப் பந்தக்கால் நட வேண்டும். அதற்கான மூங்கிலைக் காட்டிலிருந்துதான் வெட்டிவர வேண்டும். வழக்கமாகப் பத்து ஆண்கள் கம்பும் வேல்கம்பும் எடுத்துக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு போவார்கள். இந்த முறையும் ஆளுக்கு ஒரு கம்போடு கோயில் வாசலில் கூடினார்கள். பூசாரி சன்னாசி அவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வெறுங்கையால கரடிய அடிச்ச மனுசன் முன்னால போறாரு. பின்னாடி நாம கம்பத் தூக்கிக்கிட்டுப் போனா அவருக்கு என்ன மரியாதை? எல்லாத்தையும் கீழ போடுங்கப்பா."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்புகளைக் கோயில் சுவரில் சாத்தினார்கள். மேளமும் வேண்டாம், மேளச் சத்தத்தில் விலங்குகள் ஓடிவிட்டால் அண்ணனுக்கு வேலை இருக்காது என்று ஒருவர் சொன்னார். மேளத்தையும் இறக்கி வைத்தார்கள். மூங்கில் வெட்ட ஓர் அரிவாள் மட்டும் வேண்டியிருந்தது. அதையும் வேட்டித் துணியில் சுற்றி, ஏழு முடிச்சுப் போட்டு, கடைசியில் வருகிறவரிடம் கொடுத்தார்கள். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சோலையப்பனிடம் மன்னிப்பும் கேட்டார்கள்.

சோலையப்பன் சுவரில் சாத்திய கம்புகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பழைய வழக்கத்தை மாற்றினால் சாமி கோபிக்கும் என்று சொல்லிப் பார்த்தான். உங்களைப் போன்ற ஆள் கிடைத்ததே சாமி கொடுத்த வரம் என்றார்கள். தனக்கு இடுப்புப் பிடிப்பு என்றான். கரடியை வீசிய இடுப்பு அல்லவா, பிடிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் தலையில் இருக்கும் பரிவட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் தலையே போய்விடும் போலிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தான். குழந்தைகளே, இப்படித்தான் யோசிக்கிறார்கள் பெரியவர்கள்.

கோயில் புளியமரத்தில் உட்கார்ந்திருந்த கருங்குரங்கு எல்லாவற்றையும் கேட்டது. கிளைக்குக் கிளை தாவிக் காட்டுக்கு ஓடியது.

"கரடி மாமா, அந்தப் பனைமர மனுசன் திரும்ப வர்றான். கையில ஒண்ணும் இல்ல. உங்களோட மோதத்தான் வர்றான்."

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தனக்கு வயிற்றுவலி, இரண்டு நாள் குகையை விட்டு வெளியே வர முடியாது என்றது. ஆனால் அதற்குள் மான்கள் புதர்களுக்குப் பின்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டன. முதல் தண்ணீர் குடித்த வயிறு அல்லவா, அதற்கு எப்படி வலி வரும் என்று கேட்டன. கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பியது.

நெல்லி மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி. அதன் ஒரு பக்கத்தில் சருகுப்பட்டிக்காரர்கள் ஐம்பது அடி தள்ளி நின்றார்கள். மறுபக்கம் புதர்களில் மான்களின் காதுகள் தெரிந்தன. நடுவில் ஒற்றையடிப் பாதை. அந்தப் பக்கமிருந்து கரடி வந்தது, இந்தப் பக்கமிருந்து சோலையப்பன் போனான். இருவரும் மூன்றடி தூரத்தில் நின்றார்கள்.

கரடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. மோந்தது.

"ஐயா, நீங்கதானா? என் முதுகு இன்னும் வலிக்குது" என்றது மெதுவாக.

"எனக்கும் முட்டி வலி போகல. நீ என்னைய அடிச்சேன்னு சொல்லிவச்சிருக்கியா?"

"நீங்க?"

சோலையப்பன் பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கரடிக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். பெயருக்கு ஒரு சண்டை போட்டுவிட்டுப் பிரிந்துவிடலாம் என்பதில் இருவருக்கும் சம்மதம். தோற்பது யார் என்பதில்தான் சிக்கல். நீ தோற்றுவிடு என்றான் சோலையப்பன். தோற்றால் கடைசித் தண்ணீர்தான் கிடைக்கும், அதில் மான் காலைக் கழுவியிருக்கும் என்றது கரடி. நான் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றான் சோலையப்பன். இருவரும் ஒரே நேரத்தில் விழலாம் என்று கரடி யோசனை சொன்னது. யார் முதலில் எழுந்திருப்பது என்று அதிலும் சண்டை வந்தது. தூரத்தில் இருந்தவர்கள் பொறுமை இழந்து கை தட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் இருவரும் கட்டிப்பிடித்தார்கள். கரடிக்குக் கூச்சம் அதிகம். சோலையப்பனின் விரல் அக்குளில் பட்டதும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் சிரிப்பு ஊர்க்காரர்களுக்கு உறுமலாகக் கேட்டது. கரடியின் முடி மூக்கில் ஏறிச் சோலையப்பன் தும்மினான். அவன் தும்மல் மான்களுக்குக் கர்ஜனையாகக் கேட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஆரவாரம். ஆரவாரத்தில் சூரியன் உச்சிக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

புதர் பிளந்தது. காட்டுப்பன்றி கிளம்பிவிட்டது.

அது எந்தக் கதையையும் கேட்டதில்லை. யார் தலையில் பரிவட்டம், யாருக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தாகம் மட்டும் தெரியும். இரண்டு கொம்புப் பற்களையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பாதையில் புழுதி கிளம்ப ஓடி வந்தது.

"அண்ணே, காது, காதத் திருகுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

சோலையப்பன் திருகவில்லை. கரடியும் தோளால் இடிக்கவில்லை. இருவரும் கட்டிப்பிடித்த கையை விட்டுவிட்டு ஒரே மரத்தில் ஏறினார்கள். யார் முதலில் ஏறினார்கள் என்று சொல்ல இந்த முறை நூறு சாட்சி இருந்தது. ஆனால் அத்தனை சாட்சிகளும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் மூங்கில் புதருக்குள் புகுந்தார்கள். மான்கள் எட்டுத் திசையும் பறந்தன. அரிவாள் வைத்திருந்தவர் முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாதையின் அந்தக் கோடியில், தலையில் விறகுக்கட்டோடு அங்கம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

மரத்தின் மேலிருந்து சோலையப்பன் பார்த்தான். அவனுக்கு உயிரே போய்விட்டது. பரிவட்டம் நழுவிக் கீழே விழுந்தது, அவன் கவனிக்கவில்லை. இந்த ஊரில் அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் இல்லாவிட்டால் யாரிடம் போய் அவன் வாயடிப்பான்? இறங்கலாம் என்று காலை நீட்டினான். பன்றி அதற்குள் மரத்தைத் தாண்டிவிட்டது.

"அங்கம்மா, எல்லாம் பொய்யி. நான் யாரையும் அடிக்கல. காதப் பிடிக்காத, ஓடிரு" என்று தொண்டை கிழியக் கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அங்கம்மாள் ஓடவில்லை. தலைச்சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பாதையை விட்டு இடது பக்கம் இரண்டு அடி எடுத்துவைத்து நின்றாள்.

பன்றி அவள் நின்ற இடத்தைக் கடந்து நேராகப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குளத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. முதல் தண்ணீரைப் பன்றி குடித்தது. தினமும் அதுதான் குடித்துக்கொண்டிருந்தது.

அங்கம்மாள் மறுபடி பாதையில் ஏறி நடந்தாள். நெல்லி மரத்தடிக்கு வந்ததும் நின்று மேலே பார்த்தாள். ஒரே கிளையில் ஒரு பக்கம் அவள் புருஷன், ஒரு பக்கம் கரடி. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

"இறங்குங்க ரெண்டு பேரும். நெல்லிக் கிளை தாங்காது" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் கிளை முறிந்தது. இந்த முறை சோலையப்பன் கீழே, கரடி மேலே.

கரடி எழுந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டுக் கிழக்கே ஓடியது. சோலையப்பன் மேற்கே ஓடவில்லை. ஓட முடியவில்லை. மூங்கில் புதரிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பூசாரி சன்னாசி கீழே கிடந்த பரிவட்டத்தை எடுத்து மண்ணைத் தட்டினார். சோலையப்பனைப் பார்த்தார். அப்புறம் அங்கம்மாளிடம் போனார். கையில் ஒன்றும் இல்லாமல் காட்டுப்பன்றியை எப்படி ஜெயித்தாய் என்று கேட்டார்.

"நான் எங்க சாமி ஜெயிச்சேன்? அது தண்ணிக்குப் போகுது, நான் வெறகுக்கு வர்றேன். தினமும் நடக்குறதுதான்."

அவள் தலையில் பரிவட்டம் கட்ட வேண்டும் என்றார் பூசாரி. அங்கம்மாள் யோசித்தாள்.

"தலையில ஏற்கெனவே வெறகு இருக்கு சாமி. வேணும்னா அந்தத் துணிய மடிச்சுக் குடுங்க, சும்மாடா வச்சுக்கிறேன்."

பூசாரி மடித்துக் கொடுத்தார். அவள் அதைத் தலைக்கும் விறகுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். சோலையப்பன் நொண்டிக்கொண்டே பின்னால் போனான். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது முடிச்சு அவிழ்ந்து அரிவாள் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பந்தக்காலை மறுநாள்தான் நட்டார்கள்.

மான்கள் கிளையில் தொங்கிய துணியை எடுத்து எறிந்துவிட்டன. குழந்தைகளின் தாயத்தை மட்டும் ஊரில் யாரும் அவிழ்க்கவில்லை. அது நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள்.

அடுத்த மாசியில் மூங்கில் வெட்டப் போனபோது எல்லோரும் கம்பு எடுத்துக்கொண்டார்கள், மேளமும் அடித்தார்கள். முன்னால் அங்கம்மாள் வெறுங்கையோடு நடந்தாள். உச்சிவேளையில் புதர் பிளந்தது. "ஒதுங்குங்க" என்றாள் அங்கம்மாள். எல்லோரும் ஒதுங்கினார்கள். முதலில் ஒதுங்கியவன் சோலையப்பன். இதற்கு நான் சாட்சி.

நீதி: வழி விடத் தெரிந்தவருக்கு வாளும் வேண்டாம், வாய்ச்சவடாலும் வேண்டாம்.